தேனி வரை நடுங்காத பஸ்: டிரான்ஸ்ஃபார்மில் எது ஃப்ளோட், எது டபுள்?

ஆரப்பாளையத்தில் கிளம்பி தேனிக்குப் போகும் பஸ்ஸை வைத்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன். மீனாட்சியம்மன் கோயில்தான் என் வரைபடத்தின் பூஜ்யம். ஒரு யூனிட் ஒரு மீட்டர். செக்கானூரணி வரை எந்தக் குறையும் தெரியவில்லை. உசிலம்பட்டியில் ஸ்டியரிங் லேசாக நடுங்கியது. தேனி ஸ்டாண்டுக்குள் மெதுவாக ஊரவிட்டால் பஸ் நகரவே இல்லை.

ஃப்ளோட் என்பது 32 பிட்டில் வைக்கும் தசம எண், டபுள் என்பது 64 பிட்டில் வைப்பது. எண் பெரிதாகப் பெரிதாக ஃப்ளோட்டின் துல்லியம் குறையும். கோயிலில் இருந்து மேற்கே 70 கிலோமீட்டர் தள்ளி, ஃப்ளோட்டில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 7.8 மில்லிமீட்டர் இடைவெளி. விநாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகம், 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமில் கூடுவது 3.3 மில்லிமீட்டர். பாதி இடைவெளிக்கும் குறைவு என்பதால் கூட்டியதும் பழைய எண்ணுக்கே வந்துவிடுகிறது.

அதற்காக எல்லாவற்றையும் டபுளாக மாற்ற வேண்டாம். நான் மாற்றிப் பார்த்து ஒரு வாரம் வீணானது. ஒரு பொருளின் இடம், சுழற்சி, அளவு மூன்றும் சேர்ந்ததுதான் டிரான்ஸ்ஃபார்ம். அதில் சுழற்சிக்கும் அளவுக்கும் ஃப்ளோட் தாராளம். இடத்தை மட்டும் டபுளில் வையுங்கள். வேகத்தைக் கூட்டுவதும் அதிலேயே நடக்கட்டும்.

வரையும்போது வரிசைதான் உயிர். பஸ்ஸின் இடத்தில் இருந்து கேமராவின் இடத்தை டபுளிலேயே கழியுங்கள். கிடைக்கும் சின்ன எண்ணை அப்புறம் ஃப்ளோட்டாக்கி, படத்தை வரையும் சிப்பான ஜிபியூவுக்கு அனுப்புங்கள். முதலில் ஃப்ளோட்டாக்கிவிட்டுக் கழித்தால், போன துல்லியம் திரும்பாது. உலகத்தைக் கேமராவின் பார்வைக்கு மாற்றும் வியூ மேட்ரிக்ஸில் கேமராவின் இடம் பூஜ்யமாக இருக்க வேண்டும், சுழற்சி மட்டும் போதும். இதை மறந்தால் கேமராவை இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

மோதலையும் அசைவையும் கணக்கிடும் பிசிக்ஸ் ஃப்ளோட்டில் ஓடுகிறதா? பஸ் 2 கிலோமீட்டர் போனதும் பிசிக்ஸ் உலகத்தின் பூஜ்யத்தை பஸ் இருக்கும் இடத்துக்கே நகர்த்துங்கள். வேகத்தைத் தொடாதீர்கள். ஆனால் முந்தைய ஃப்ரேமின் இடம், டயர் கிளப்பிய புழுதி எல்லாம் கூடவே நகர வேண்டும். நான் புழுதியை விட்டுவிட்டேன். நகர்த்திய அடுத்த ஃப்ரேமில் அது பஸ்ஸுக்கு 2 கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தது.

கேம் இன்ஜின்களில், அன்ரியல் 5 இடத்தை டபுளில் வைக்கிறது. கோடோ 4-ஐ டபுள் துல்லியத்துடன் நாமே கம்பைல் செய்துகொள்ளலாம். யூனிட்டியின் டிரான்ஸ்ஃபார்ம் ஃப்ளோட்தான். அங்கே டபுள் இடத்தைத் தனியாக வைத்திருக்க வேண்டும்.

சோதிக்க, முழு வரைபடத்தையும் 1,000 கிலோமீட்டர் தள்ளி வைத்து ஓட்டுங்கள். அங்கே ஃப்ளோட்டின் இடைவெளி 6.25 சென்டிமீட்டர். எங்காவது ஒரு இடம் ஃப்ளோட்டில் ஒளிந்திருந்தால், ஆரப்பாளையத்தை விட்டுக் கிளம்பும்போதே பஸ் குதிக்கும்.