ஊருக்குள் நுழையாத லாரிப் பாதை: வகுக்கும் முறை

ஊர் எல்லையில் தடைப் பலகை நட்டுவிட்டால் லாரிகள் மறைந்துவிடாது, பக்கத்து ஊர் வழியாகப் போகும். அதனால் மாற்றுப் பாதை உறுதியான பிறகே தடையைப் பற்றிப் பேச வேண்டும்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். 7 நாள், 24 மணி நேரமும், எந்த மணிக்கு எத்தனை லாரி, ஒவ்வொன்றிலும் எத்தனை அச்சு (இருபக்கச் சக்கரங்களை இணைக்கும் தண்டு) என்று குறியுங்கள். அறுவடைக் காலத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். ஊரின் இரு முனைகளிலும் ஆள் நிறுத்தி வண்டியின் பதிவு எண்ணையும் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஊரைக் கடக்க 5 நிமிடம் ஆகும் என்றால், 10 நிமிடத்துக்குள் மறுமுனையில் தென்படும் லாரி ஊரைக் கடந்துபோவது. நேரம் கழித்து வருவதும், வந்த வழியே திரும்புவதும் பெரும்பாலும் ஊருக்குள் லோடு ஏற்றி இறக்குபவை. இரண்டாம் வகையே அதிகம் என்றால் சுற்றுப் பாதை உதவாது. ஏற்றி இறக்கும் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது பேச்சு. எல்லாரையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்தால் குரல் உயர்ந்தவர் சொன்னதே முடிவாகிவிடும். முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். "லாரி வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். பெரிய வரைபடத்தை விரித்து, "எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன தொல்லை?" என்று கேளுங்கள். பள்ளி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு, விவசாயிகள், சாலைத் துறை, சரக்கு அனுப்பும் ஆலைகள் ஆகியோரோடு மாற்றுப் பாதையில் இருக்கும் ஊர்க்காரர்களையும் முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும். அந்த ஊர்க்காரர்களுக்கு முடிவை மட்டும் கடைசியில் அறிவித்தால் திட்டம் அங்கேயே நின்றுவிடும். அவர்கள் எதிர்ப்பது நியாயமும்கூட.

டிரைவர்களைத்தான் பலர் கேட்பதே இல்லை. ஏன் இந்த வழி என்று கேட்டால் உண்மைக் காரணம் வெளிவரும்: சுங்கக் கட்டணம், வண்டி நிறுத்த இடமின்மை, அல்லது ஆலையின் கேட் மாலையில் மூடப்படுவது. கேட்டை இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்துவைத்தாலே குறுக்கு வழி ஓட்டம் குறையலாம். எல்லாவற்றிலும் செலவு குறைந்த தீர்வு அதுதான்.

மாற்றுப் பாதையை வரைபடத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தத் தடத்தில் ஓடப்போகும் மிக நீளமான டிரெய்லரைக் கொண்டுவந்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். திருப்பத்தில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டும். அது போகும் கோட்டைச் சுண்ணாம்பால் குறித்தால் எந்த முனையில் நடைபாதை, எந்த முனையில் மின்கம்பம் சிக்கும் என்று தெரியும். கண்ணாடிகளோடு சேர்த்து லாரி சுமார் 3 மீட்டர் அகலம். எதிரெதிரே இரண்டு வர 6.5 மீட்டராவது தார் வேண்டும். பாலத்தடி உயரத்தைப் பலகையை நம்பாமல் அளந்து பாருங்கள். மேலே மேலே தார் போட்டதில் அது குறைந்திருக்கலாம்.

எடை விஷயத்தில் கறாராக இருங்கள். சாலைத் தேய்மானம் அச்சு எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்காக ஏறும். 10 டன் தாங்கும் அச்சில் 12 டன் ஏற்றினால் எடை 1.2 மடங்கு, தேய்மானமோ 1.2 × 1.2 × 1.2 × 1.2, அதாவது ஏறத்தாழ இரு மடங்கு. அதிக பாரத்தைத் தடுக்காமல் கிராமச் சாலையை மாற்றுப் பாதையாக்கினால், சாலை போட்ட செலவு வீண்.

சத்தத்தைக் குறைக்கப் பகல் லாரிகளைப் பாதியாக்கினாலும் அதிகபட்சம் 3 டெசிபல்தான் இறங்கும். காதுக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அதே உழைப்பை இரவு லாரிகளை நிறுத்தச் செலவிட்டால் ஊர் தூங்கும். வீடுகளுக்கு அருகே வேகத்தடை போடாதீர்கள். வெற்று லாரி அதன்மேல் ஏறி இறங்கும்போது பெட்டி அடிக்கும் ஓசையும் அதிர்வும் புதுத் தொல்லையாகிவிடும்.

அறிவிப்புப் பலகையை ஊர் வாசலில் வைப்பதும் வழக்கமான பிழை. அங்கே டிரெய்லரைத் திருப்ப முடியாது, டிரைவருக்கு உள்ளே போவதைத் தவிர வழியில்லை. பாதை பிரியும் சந்திப்புக்கு முன்பே வையுங்கள். எழுத்தைவிடக் குறியீடு பெரிதாக இருக்கட்டும், வெளியூர் டிரைவருக்கு உள்ளூர் மொழி தெரியாமல் இருக்கலாம். கார்களுக்கான வழிகாட்டிச் செயலி லாரியின் உயரம், எடையைக் கணக்கில் எடுக்காது என்பதால், ஆலை வாசலிலேயே சரக்குச் சீட்டோடு வழி வரைபடமும் கொடுக்க வேண்டும்.

சுற்றுச் செலவை மறைக்காதீர்கள். 8 கிலோமீட்டர் கூடுதல், நாளுக்கு 60 நடை என்றால் 480 கிலோமீட்டர் டீசல். அதை யார் ஏற்பது என்று எழுத்தில் முடிவாகாவிட்டால், ஒரே மாதத்தில் லாரிகள் பழைய வழிக்கே திரும்பும்.

கடைசியாக, 3 மாத வெள்ளோட்டம். முன்பு எண்ணிய அதே கிழமைகளில், அக்கம்பக்கச் சாலைகள் எல்லாவற்றிலும் மீண்டும் எண்ணுங்கள். பக்கத்து ஊரில் எத்தனை லாரி கூடினால் திட்டம் கைவிடப்படும் என்ற எண்ணை, வெள்ளோட்டம் தொடங்குமுன் எல்லாரும் கையெழுத்திட்டு வைத்திருக்க வேண்டும்.