பிள்ளை கையில் போன் கொடுக்கும் முன்

ஸ்கூல் வேனுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், டியூஷனுக்கு இன்னொன்று. குரூப்பில் இருக்கும் எவரும் பிள்ளையின் நம்பரை எடுத்து, வேறு குரூப்பில் சேர்க்கலாம், போட்டோவைப் பார்க்கலாம். அதனால் செட்டிங்ஸில் பிரைவசி போய், குரூப்ஸ், புரொஃபைல் போட்டோ இரண்டையும் ‘மை கான்டாக்ட்ஸ்’ என்று மாற்றுங்கள். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில் 6 இலக்க ரகசிய எண்ணையும் (PIN) போடுங்கள்; வேறு போனில் அந்தக் கணக்கைத் திறக்க முயன்றால் அதைக் கேட்கும்.

பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். அப்பா போனில் கேம் ஆடும் பிள்ளைக்கு இது கட்டாயம்.

யூனிஃபார்மில், வேலூரின் காட்பாடி–பாகாயம் பஸ் ரூட்டில் ஒரு ஸ்டாப்பில் எடுத்த ஒரு ரீல் போதும்: எந்தப் பள்ளி, எந்த நேரம், எந்த வழி எல்லாம் தெரிந்துவிடும். கேமராவில் லொகேஷனை அணைத்தாலும் சட்டையில் உள்ள பேட்ஜ் காட்டிக்கொடுக்கும். வீட்டுக்கு வந்து, உடை மாற்றிய பிறகு எடுக்கட்டும்.

கேம் சாட்டில் பழகியவர் போட்டோ கேட்டு, பிறகு மிரட்டினால்? பயத்தில் பிள்ளைகள் முதலில் சாட்டை அழித்துவிடுவார்கள். ஆதாரமும் அதோடு போய்விடும். ஐடி, நம்பர், மெசேஜ் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் பிளாக் செய்ய வேண்டும். அந்தரங்கப் படத்தை மட்டும் யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், ஆதாரத்துக்காகக்கூட. பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகைதான் ஏறும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098.

போனைப் பிடுங்குவேன் என்று சொல்லி வைத்த வீட்டில் பிள்ளை இதை வாய் திறந்து சொல்லாது. ‘சொன்னா போனைப் பிடுங்க மாட்டேன்’ என்று இன்றே சொல்லிவிடுங்கள்.