30,000 லிட்டரில் 40 ஆலிவ் மரங்கள்: எப்போது தண்ணீர் விடுவது?

தெற்கு ஆஸ்திரேலியாவில் முர்ரே பிரிட்ஜ் பக்கம் எங்களிடம் 40 ஆலிவ் மரங்கள் இருக்கின்றன. இடத்தை வாங்கும்போதே நின்ற மரங்கள். பெரும்பாலும் கொரொநெய்க்கி, ஃப்ரான்டோயோ என்ற ஆலிவ் ரகங்கள். ஆண்டு மழை 350 மில்லிமீட்டர் அளவில்தான். அதிலும் பெரும்பகுதி மே முதல் செப்டம்பருக்குள் பெய்து முடிந்துவிடும், கோடை முழுக்க மண் காய்ந்து கிடக்கும். ஆற்றுத் தண்ணீர் எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. இருப்பது 100 சதுர மீட்டர் ஷெட் கூரையும், அதன் கீழே 22,500 லிட்டர் தொட்டிகள் இரண்டும்.

முதல் இரண்டு வருடமும் தொட்டித் தண்ணீர் முழுவதையும் மரங்களுக்கே விட்டேன். அப்படியும் மார்ச் மாதம் காய் திராட்சை வற்றல் மாதிரி சுருங்கியது. மூன்றாம் வருடம் அதே தண்ணீரை வேறு மாதங்களில் விட்டேன், காய் சுருங்காமல் நின்றது. என்ன மாற்றினேன் என்பதுதான் இந்தப் பதிவு. குழாய் வெட்டுவது, இணைப்பது பற்றியெல்லாம் நிறைய காணொளிகள் இருக்கின்றன, அதற்குள் நான் போகவில்லை.

படி 1: கையில் எவ்வளவு இருக்கிறது?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். என் கூரைக்கு 100 × 350, அதாவது 35,000 லிட்டர். கூரை நனைவதில் போவது, முதல் அழுக்குத் தண்ணீர் எல்லாம் கழித்து 30,000 என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 2: மரம் எவ்வளவு கேட்கிறது?

மதிய வெயிலில் மர நிழலை அளந்து பாருங்கள். என் மரங்களின் விரிவு 3 மீட்டர், பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். ஜனவரியில் ஒரு நாள் ஆவியாதல் தேவை 7 மில்லிமீட்டர் என்று வைத்தால் (வானிலைத் துறை தினசரி அளவு வெளியிடுகிறது), ஆலிவுக்கான காரணி (அதில் ஆலிவ் மரம் செலவழிக்கும் பங்கு) 0.65. 7 × 7 × 0.65 = ஏறத்தாழ 32 லிட்டர். நாற்பது மரத்துக்கு ஒரு நாளைக்கு 1,280 லிட்டர். அப்படி விட்டால் 23 நாளில் தொட்டி காலி.

ஆகவே முழுப் பாசனம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். நாம் செய்யப்போவது துணைப் பாசனம். மழை பாதி வேலையைச் செய்கிறது, மரம் மீதியைத் தாங்குகிறது, தாங்க முடியாத இடத்தில் மட்டும் நாம் கைகொடுக்கிறோம். துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் பகுதியில் 200 மில்லிமீட்டர் அளவு மழையிலேயே ஆலிவ் வளர்க்கிறார்கள். ஆனால் அங்கே மரத்துக்கு மரம் 24 மீட்டர் இடைவெளி, ஒரு ஹெக்டேருக்கு 17 மரம்தான். ஒவ்வொரு மரத்துக்கும் அவ்வளவு பெரிய மண்பரப்பின் ஈரம் கிடைக்கிறது. நம் மரங்கள் 6 மீட்டரில் நெருக்கி நிற்கின்றன. அதனால்தான் தொட்டி தேவைப்படுகிறது.

படி 3: எப்போது விடுவது?

நான் சறுக்கிய இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஜனவரி எங்களுக்கு நடுக்கோடை, 42 டிகிரி வெயில். இலை சுருண்டு சாம்பல் நிறமாகத் தெரியும். பார்க்கவே மனசு கேட்காது, வால்வைத் திறந்துவிடுவோம். ஆனால் ஆலிவ் மரம் வறட்சியை நன்றாகத் தாங்குகிற காலமும் அதுதான். காய்க்குள் கொட்டை கெட்டியாகிக்கொண்டிருக்கும், காய் பெரிதாக வளராது. மரம் இலைத்துளைகளை மூடிக்கொண்டு காத்திருக்கும். அந்த நேரத்தில் தொட்டியைக் காலி செய்துவிட்டு, எண்ணெய் சேரும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

இப்போது என் கணக்கு இது. அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை பூவும் பிஞ்சும். அந்தச் சமயத்தில் மண் காய்ந்திருந்தால் பூ மலடாகிக் கொட்டிவிடும். அப்போது இரண்டு தண்ணீர், அதாவது இரண்டு முறை பாசனம். அப்புறம் கொட்டை கெட்டியாகி முடியும்வரை ஒன்றும் இல்லை. பிப்ரவரி தொடங்கி நான்கு தண்ணீர். மொத்தம் ஆறு.

நாட்காட்டியை நம்ப வேண்டாம், காயை அறுத்துப் பாருங்கள். மாவடுவை நறுக்கும்போது கத்தி கொட்டையோடு சேர்த்து வெட்டிக்கொண்டு போகும், மாங்காய் முற்றியபின் நடுவில் நின்றுவிடும், இல்லையா? ஆலிவும் அப்படித்தான். டிசம்பர் நடுவிலிருந்து வாரம் ஒருமுறை பத்துக் காய்களைக் குறுக்கே அறுப்பேன். கத்தி தடுமாற ஆரம்பித்தால் கொட்டை இறுகத் தொடங்கிவிட்டது, இப்போது தண்ணீர் விட வேண்டாம். பிறகு எந்தக் காயிலும் கத்தி இறங்காமல், காயின் சதை மறுபடி பருக்கத் தொடங்கினால் வால்வைத் திறக்கும் நேரம்.

(பிற்சேர்க்கை: விக்டோரியாவிலிருந்து ஒரு வாசகர், அவர் மரங்கள் இரண்டு வாரம் தாமதம் என்று எழுதியிருந்தார். கத்திச் சோதனையையே பின்பற்றச் சொன்னேன்.)

மூன்று வயதுக்குக் குறைந்த கன்றுகளுக்கு இது பொருந்தாது. அவற்றின் வேர் இன்னும் மேலேயே இருக்கும், கோடை முழுக்க சிறுகச் சிறுகத் தண்ணீர் வேண்டும்.

படி 4: எப்படி விடுவது?

மரத்துக்கு நான்கு டிரிப்பர் (குழாயில் பொருத்தும் சொட்டுமுனை), ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர். ஒரு தண்ணீருக்கு 7 மணி நேரம், மரத்துக்கு 112 லிட்டர். ஆறு தண்ணீருக்கும் சேர்த்து 40 மரத்துக்கு 26,880 லிட்டர். கையிருப்புக்குள் அடங்கிவிடுகிறது.

டிரிப்பரை அடிமரத்தில் வைக்காதீர்கள். தண்டுக்கும் நிழல் ஓரத்துக்கும் நடுவில் வையுங்கள், உறிஞ்சும் வேர் அங்கேதான் அதிகம். தினமும் அரை மணி நேரம் விடுவதும் வீண், மேல்மண் மட்டும் நனைந்து வெயிலில் போய்விடும். மறுநாள் காலை ஒரு மீட்டர் இரும்புக் கம்பியை டிரிப்பர் பக்கத்தில் குத்திப் பார்ப்பேன். ஈர மண்ணில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும், வறண்ட மண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். 60 சென்டிமீட்டர் இறங்கினால் போதும். கடைகளில் விற்கும் இரண்டு முள் ஈரமானியை வாங்காதீர்கள். என்னிடம் இருந்தது உப்பு மண்ணில் எப்போதும் ‘ஈரம்’ என்றே காட்டியது. ஃபில்டர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம், 120 மெஷ் டிஸ்க் ஃபில்டர் போடுங்கள்.

(பிற்சேர்க்கை: ‘தொட்டியிலிருந்து நேராக இணைத்தேன், ஒரு சொட்டுகூட வரவில்லை’ என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அழுத்தத்தைச் சமன் செய்யும் டிரிப்பர்களுக்கு 100 கிலோபாஸ்கல் அளவு அழுத்தம் இருந்தால்தான் சீராக ஓடும். இரண்டு மீட்டர் உயரத் தொட்டி தருவது 20தான். சின்ன பம்ப் ஒன்று வையுங்கள். நாற்பது மரத்துக்கும் சேர்த்து மணிக்கு 640 லிட்டர்தானே, பெரிய பம்ப் தேவையில்லை. பம்ப் முடியாதென்றால் தாழ்ந்த அழுத்தத்துக்கான சாதாரண டிரிப்பர். அதில் மேட்டு மரத்துக்குக் குறைவாகவும் பள்ளத்து மரத்துக்கு அதிகமாகவும் விழும், நேரத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்ட வேண்டும்.)

படி 5: எப்போது நிறுத்துவது?

அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நிறுத்திவிடுகிறேன். நீர் கோத்த காயை அரைத்தால் கூழிலிருந்து எண்ணெய் பிரிய மறுக்கும், காரமும் கசப்பும் குறைந்து எண்ணெய் சப்பென்று இருக்கும். ஆனால் சுருக்கம் விழுந்த காயோடு நிறுத்தாதீர்கள். கடைசித் தண்ணீருக்குப் பிறகு காய் நிமிர்ந்து பளபளவென்று இருக்க வேண்டும். இந்த வருடத் தளிரில்தான் அடுத்த வருடப் பூ வருகிறது, மரத்தை வாட விட்டால் அதுவும் பாதிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

(பிற்சேர்க்கை: போர்வெல் தண்ணீர் உப்பு, பரவாயில்லையா என்று கேட்டவருக்கு: மிதமான உப்பை ஆலிவ் தாங்கும். கோடையில் அந்த உப்பு ஈர வட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும். முதல் சிறு தூறல் அதைக் கரைத்து வேர்ப் பகுதிக்குள் தள்ளிவிடும். அதனால் தூறும்போது டிரிப்பரை அடைக்காதீர்கள், நல்ல மழை பிடிக்கும்வரை ஓட விடுங்கள்.)