காசும் இல்லை, புள்ளியும் இல்லை: சரிவுப் பருவத்தில் தோட்டத்துக் காற்பந்துச் சங்கத்தை நடத்தும் முறை

பருவம் பாதி கடந்துவிட்டது. புள்ளிப் பட்டியலில் கடைசிக்கு முந்திய இடம். பொருளாளர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, இன்னும் இரண்டு வெளியூர் ஆட்டங்களுக்கான வேன் வாடகைதான் மிச்சம் என்கிறார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைப் போன்ற ஒரு தோட்டத்துப் பட்டணத்தில் சங்கம் நடத்தி, இந்த இடத்தில் வந்து நிற்கும் செயற்குழுவினருக்காகவே இதை எழுதுகிறேன். அப்படியொரு பருவத்தில் செயலாளராக இருந்தவன் நான். அந்தப் பருவத்தில் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை.

இத்தகைய நேரத்தில் செயற்குழு முதலில் செய்யத் துடிப்பது, கோல் அடிக்கக்கூடிய ஒருவரை எங்கிருந்தாவது கூட்டி வருவதுதான். அதைச் செய்யாதீர்கள். பணத் தட்டுப்பாடும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் அபாயமும் சேர்ந்தே வருவதால் அவை ஒரே நோய் போலத் தோன்றுகின்றன. ஆனால் இறங்கிய சங்கம் அடுத்த பருவத்திலும் ஆடலாம், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காத சங்கத்துக்கு ஆட ஆளே கிடைக்காது. ஆகவே பணத்தை முதலில் பாருங்கள்.

கணக்கு எடுத்தல்

தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கையில் உள்ள பணம், சட்டப்படி கட்ட வேண்டியது, விளையாட்டாளர்களுக்கும் பயிற்றுநருக்கும் தர வேண்டியது, கடைக்காரர்களுக்குத் தர வேண்டியது, வருவதாகச் சொல்லப்பட்டது என்று தனித்தனியாக எழுத வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு நேரே பூஜ்யம் போடுங்கள். எங்களுக்கு ஒரு தீபாவளி விருந்தில் கதவளவு பெரிய அட்டைக் காசோலையைக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்ட ஆதரவாளர் ஒருவரிடமிருந்து, அதில் எழுதியிருந்த தொகையில் பாதிகூட வந்து சேரவில்லை. அந்த அட்டை நெடுநாள் எங்கள் சாமான் அறையில் பந்துகள் உருளாமல் தடுக்கும் பலகையாகப் பயன்பட்டது.

சட்டப்படி கட்ட வேண்டியதில் கவனம் தேவை. மாதச் சம்பளத்துக்கு ஒருவரை வைத்திருந்தால்கூட, அது பயிற்றுநராகட்டும் திடல் பராமரிப்பவராகட்டும், ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் சங்கமே முதலாளி. 60 வயதுக்குக் குறைந்த மலேசியருக்கு, சம்பளம் 5,000 ரிங்கிட் வரை இருந்தால் சேமநிதியில் முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதற்கு மேல் 12 விழுக்காடு, ஊழியர் பங்கு 11 விழுக்காடு. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சம்பளத்திலிருந்து அந்த 11 விழுக்காட்டைப் பிடித்துவிட்டு, அதை வேன் வாடகைக்குத் திருப்பிவிடும் பழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். பிடித்த அந்தப் பணம் உழைத்தவருடையது. அதில் கை வைப்பதைவிட ஆட்டத்துக்குப் போகாமல் இருப்பது மேல்.

அதன்பின் மிச்சமுள்ள ஆட்டங்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் வேன், டீசல், சுங்கச்சாவடி, நடுவர் கட்டணத்தில் நம் பங்கு, சாப்பாடு, தண்ணீர் என்று செலவு போடுங்கள். பருவ முடிவு வரை துண்டு விழும் தொகை எவ்வளவு என்பது அன்றிரவே தெரிந்துவிடும். அந்த எண்ணை மூவருக்குள் மறைத்து வைக்கக் கூடாது.

விளையாட்டாளர்களிடம் சொல்லுதல்

இந்தப் பட்டணத்துச் சங்கங்களில் ஆடுபவர்களை நினைத்துப் பாருங்கள். ரப்பர் போய் செம்பனை வந்தபின், தோட்ட வேலையில் பெரும்பகுதி வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் போய்விட்டது. நம் பையன்கள் ஈப்போவிலோ அதைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலோ ஷிப்ட் வேலை செய்துவிட்டு, மோட்டார்சைக்கிளில் பயிற்சிக்கு வருகிறார்கள். ஓர் ஆட்டத்துக்காக ஓவர்டைமை விட்டுவிட்டு வருபவருக்கு, நாம் தரும் அலவன்ஸ் வெறும் கைச்செலவுக் காசு அன்று. இழந்த கூலிக்கு ஈடு. ஆகவே பணம் போதாதபோது எல்லோருக்கும் சமமாகக் குறைப்பது நியாயம்போலத் தோன்றினாலும், அது நியாயமன்று. ஆட வருவதால் கூலியை இழப்பவருக்கும் தூரத்திலிருந்து எண்ணெய் போட்டு வருபவருக்கும் முதலில் கொடுங்கள். திடலுக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் நிரந்தர வேலையில் இருப்பவரும் பொறுத்துக்கொள்வார்கள், கேட்கும் முறையில் கேட்டால்.

கேட்கும் முறைதான் எங்களுக்குத் தெரியாமல் போனது. மூன்று மாதம் "அடுத்த வாரம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பயிற்சி முடிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே எங்கள் நடுத்திடல் ஆட்டக்காரர் சொன்னார்: "அண்ணே, காசு இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நான் வீட்ல ஒரு தேதி சொல்லிட்டு வந்திருக்கேன்." அன்றுதான் எனக்கு உறைத்தது. ஆட்ட நாளில் அன்றி, பயிற்சி நாளில், எல்லோரையும் உட்கார வைத்து எண்ணோடு சொல்லுங்கள்: இவ்வளவு இருக்கிறது, இவ்வளவு தர வேண்டியிருக்கிறது, இந்தத் தேதியில் இவ்வளவு தர முடியும். பிறகு ஒவ்வொருவருக்கும் பாக்கித் தொகையையும் தவணையையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒரு படி அவரிடம் கொடுங்கள். வென்றால் தருகிறோம் என்று மட்டும் எழுதாதீர்கள்; கடனைப் பந்தயமாக மாற்றக் கூடாது.

தொழில்முறை ஒப்பந்தத்தில் யாரையாவது வைத்திருந்தால், உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிகளைப் படித்துவிட்டுப் பேசுங்கள். இரண்டு மாதச் சம்பளம் கொடுபடாமல் இருந்தால், விளையாட்டாளர் எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்து, அதற்குள்ளும் கிடைக்காவிட்டால் தக்க காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். தகுந்த காரணமின்றி 30 நாளுக்கு மேல் பாக்கி வைத்து, அவர் 10 நாள் அவகாசம் கொடுத்தும் தீர்க்காத சங்கத்துக்கு எச்சரிக்கை, அபராதம் முதல் இரண்டு பதிவுக் காலங்கள் வரை புதியவரைச் சேர்க்கத் தடை வரை விதிக்கப்படலாம்.

பணம் திரட்டுதல்

செய்யக் கூடாததை முதலில் சொல்கிறேன். ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் போகாதீர்கள், ஒரு பருவத்து வேன் வாடகைக்காக ஒரு குடும்பத்தின் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றப்படுவதற்கு நீங்கள் காரணமாகாதீர்கள். செயற்குழு உறுப்பினர் தம் சொந்தப் பணத்தைப் போட்டால், அது கடனா நன்கொடையா என்று அன்றைய கூட்டக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்ட பணம், மறு வருடம் யார் முன்வரிசையில் ஆட வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரமாக வளர்ந்து நிற்கும்.

நம் மக்களுக்குச் சிறு தொகை சேர்த்துப் பெரியதைக் காப்பாற்றுவது புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த அப்போதைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களின் பங்குப் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் சங்கம் 2008இல் எஃப். ஏ. கிண்ணம் வென்று, இரண்டே ஆண்டில் கடனால் நிர்வாகியிடம் ஒப்படைக்கப்பட்டு, 9 புள்ளிகள் வெட்டப்பட்டுக் கீழிறங்கியது. மேலும் சரிந்த அதை 2013இல் வாங்கி நிமிர்த்தியது அதன் ரசிகர்கள் சேர்ந்து அமைத்த அறக்கட்டளை. நமக்கு அவ்வளவு பெரிய தொகை தேவையில்லை. மாதம் 10 ரிங்கிட் தரும் நூறு பேர் இருந்தால் மாதம் 1,000 ரிங்கிட். பல வெளியூர்ப் பயணங்களுக்கு அது போதும்.

ஆனால் நூறு பேர் தொடர்ந்து தர வேண்டுமானால் கணக்கு வெளியில் தொங்க வேண்டும். திடல் ஓரத்து ஒட்டுக்கடையில் சங்கக் கணக்கின் கியூஆர் குறியீட்டை ஒட்டுங்கள். தனியாள் கணக்கின் குறியீடு வேண்டாம். வங்கியிலிருந்து பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். ஒவ்வொரு மாதமும் வரவு, செலவு, பாக்கி மூன்றையும் ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் குத்துங்கள். மாரியம்மன் கோயில் திருவிழா மாதத்தில் மட்டும் வசூலுக்குக் கிளம்பாதீர்கள். அம்மன் உண்டியலோடு போட்டி போட்டு வென்ற சங்கம் எதையும் நான் அறியேன்.

திடலில்

இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆட்ட விதிப்படி ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடங்கவோ தொடரவோ முடியாது. வராத அணி வழக்கமாக 0-3 என்று தோற்றதாக அறிவிக்கப்படும், அபராதமும் சேரும். எனவே 19 வயதுக்குட்பட்ட பையன்களைப் பதிவுக் கெடு முடியுமுன் பெரிய அணியிலும் பதிந்து வையுங்கள். அவர்களை ஒரேயடியாக இறக்கிப் பெரிய தோல்விகளில் நசுக்க வேண்டாம். இரண்டு மூத்தவர்களுக்கு இடையில் ஒருவராக இறக்குங்கள்.

எப்போது இறக்கத்தை ஏற்பது

மிச்சமுள்ள ஆட்டங்களை மூன்றால் பெருக்கி, இப்போதைய புள்ளிகளோடு கூட்டுங்கள். அத்தனையும் வென்றாலும் இறங்கும் இடத்துக்கு மேலே உள்ள அணியை எட்ட முடியாது என்றால், அன்றோடு அந்தப் பருவத்துக்கான கூடுதல் செலவை நிறுத்துங்கள். கணிதப்படி வாய்ப்பு இருந்து மனத்தில் மட்டும் இல்லாதபோதுதான் முடிவு கடினம். என் கருத்தில், எழுதிக் கொடுத்த தவணைகளில் ஒன்றையாவது தள்ளிப்போட்டால்தான் பிரிவில் நிலைக்க முடியும் என்ற நிலை வந்தால், இறங்கிவிட வேண்டும்.

நம் மாநிலத்து அணியையே பாருங்கள். 2018இல் மலேசியக் கிண்ணம் வென்ற பேராக், சம்பளப் பாக்கிச் சிக்கல்களுக்கிடையே 2021இல் நாட்டின் முதல் பிரிவான சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. 2023இல் அது மீண்டும் சூப்பர் லீக்கில் ஆடியது, இரண்டாம் பிரிவான மலேசிய பிரீமியர் லீக் கலைக்கப்பட்டு அமைப்பே மாறியதால். திடலில் சம்பாதித்த ஏற்றம் அன்று அது. 2025இல் நிதி நெருக்கடியால் லீக்கைவிட்டே விலகியது. மிஃபா (மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கம்) என்ற பெயரில் நம் சமூகத்தோடு வளர்ந்து, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆன அணி, 2022 பருவத்தோடு தானாகவே வெளியேறியது. பிரிவு உயர உயரச் செலவு கூடுமே ஒழிய, வரவு தானாகக் கூடுவதில்லை.

இறங்கியபின்

கடைசி ஆட்டம் முடிந்த ஒரு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் கூட்டுங்கள். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிந்த சங்கம் என்பதால், ஆண்டறிக்கையையும் கணக்கையும் அனுப்பி, பொறுப்பாளர் மாறியிருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். தோற்ற வருடத்தில் இதை மறந்துவிட்டுப் பதிவையே இழப்பது மிகப் பெரிய முட்டாள்தனம். வேறு சங்கத்துக்குப் போக விரும்பும் விளையாட்டாளருக்கு விடுவிப்புக் கடிதத்தை உடனே கொடுங்கள். பாக்கியைக் காரணம் காட்டி அவரைப் பிடித்து வைக்காதீர்கள், பாக்கி உங்களுடையது.

கீழ்ப்பிரிவில் பயணத் தூரம் குறையும், அலவன்ஸும் குறையலாம். புதிய பருவத்துக்கான வரவுசெலவைக் கையிலிருக்கும் பணத்திலிருந்து மட்டும் தொடங்குங்கள். நாம் பழைய பாக்கி தர வேண்டியவர்களின் பட்டியல் பலகையிலேயே தொங்கட்டும். சிறிய கடையிலிருந்து பெரிய கடை என்ற வரிசையில் தீர்த்து, ஒவ்வொரு பெயரையும் அவரவர் முன்னிலையிலேயே கோடிட்டு அடியுங்கள். எங்கள் பட்டியலில் இருந்தவர்களில் ஒருவர், பருவம் முழுவதும் நாசி லெமாக் பொட்டலம் கட்டித் தந்த ஒட்டுக்கடை அக்கா. அவர் பெயரை அடித்த தாளின் பின்பக்கத்தில்தான் அடுத்த பருவத்து முதல் வெளியூர் ஆட்டத்துக்கான பொட்டல எண்ணிக்கையைக் குறித்துக் கொடுத்தேன். இந்த முறை காசும் சேர்த்து.