அண்டார்டிகா கப்பல் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

அண்டார்டிகாவுக்குக் கப்பலில் செல்ல விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது செலவையும் குளிரையும் பற்றித்தான். அவை இரண்டுக்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தக் கப்பலில் பயணிகள் எத்தனை பேர்? பனியில் கால் வைப்பீர்களா, வைத்தால் எவ்வளவு நேரம் அங்கே நிற்பீர்கள் என்பதைத் தீர்மானிப்பது அந்த எண்தான். ஆகவே திட்டமிடலை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதற்படி: கப்பலைத் தேர்ந்தெடுத்தல்

அண்டார்டிகாவுக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் நிறுவனங்கள் 1991ஆம் ஆண்டில் ஐயாட்டோ என்ற கூட்டமைப்பை உருவாக்கின. அதன் விதிகளின்படி 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பல்கள் எவரையும் கரையிறக்கக் கூடாது. சிறிய கப்பல்களிலும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர் மட்டுமே கரையில் இருக்கலாம். 20 பயணிகளுக்கு ஒரு வழிகாட்டியாவது உடன் இருக்க வேண்டும். ஒரு கப்பல் நிற்கும் இடத்துக்கு மற்றொரு கப்பல் வரக் கூடாது.

இதை வைத்து நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 100 பேர் செல்லும் கப்பலில் அனைவரும் ஒன்றாகவே இறங்கிவிடலாம். 200 பேர் என்றால் பாதிப் பேர் கரையில் இருக்கும்போது மற்ற பாதி ரப்பர் படகுகளில் பனிப்பாறைகளுக்கு இடையே சுற்றி வருவார்கள், பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். இது நல்ல ஏற்பாடுதான். 400 பேர் என்றால் நான்கு குழுக்கள் முறை வைத்து இறங்க வேண்டும், வானிலை நடுவில் மாறினால் கடைசிக் குழு இறங்காமலே போகலாம். எனவே 200 பேரை மேல் வரம்பாக வைத்துக்கொள்ளுமாறு வலியுறுத்திச் சொல்வேன். இரண்டுக்கும் ஆகும் செலவு ஒன்றுதான் என்றால், பெரிய கப்பலில் பால்கனி அறை எடுப்பதைவிடச் சிறிய கப்பலில் மூவர் பகிரும் சாதாரண அறையை எடுப்பது நல்லது, ஏனெனில் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி மேல்தளத்திலும் படகிலும் கரையிலும்தான் கழியும்.

முன்பதிவுக்கு முன் நிறுவனத்திடம் எழுத்துமூலமாகக் கேட்டுப் பெற வேண்டியவை: அது ஐயாட்டோ உறுப்பினரா, அதிகபட்சப் பயணிகள் எத்தனை பேர், நாளொன்றுக்கு எத்தனை முறை கரையிறக்கத் திட்டமிடுகிறார்கள், குளிர்காப்பு மேலங்கியும் ரப்பர் பூட்ஸும் தருகிறார்களா, கயாக் என்ற சிறு துடுப்புப் படகு போன்றவற்றுக்குத் தனிக் கட்டணமா. ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்தால் விலை குறைந்த அறைகள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் படி: பாதையும் மாதமும்

பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உசுவாயா நகரிலிருந்து புறப்படுகின்றன. விளம்பரத்தில் 10 அல்லது 11 நாள் என்று இருந்தாலும், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையே உள்ள டிரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாளும் வர இரண்டு நாளும் ஆகும் என்பதால், அண்டார்டிகத் தீபகற்பத்தில் கிடைப்பது ஏறக்குறைய ஐந்து நாள்தான். விலையை ஒப்பிடும்போது மொத்த நாள்களால் வகுக்காமல் இந்த ஐந்தால் வகுத்துப் பாருங்கள். எந்தப் பயணம் உண்மையில் மலிவானது என்பது அப்போதுதான் தெரியும்.

கடலைத் தவிர்க்க விரும்புவோர் சிலியின் புன்டா அரேனாஸ் நகரிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் அண்டார்டிகத் தீபகற்பத்தை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவுக்கு விமானத்தில் சென்று, அங்கே கப்பல் ஏறலாம். மூடுபனி இறங்கிவிட்டால் விமானம் புறப்படாது. அந்தத் தாமதம் பனியில் கழிக்க வேண்டிய நாளைத் தின்றுவிடும். முதன்முறை செல்கிறவர்கள் கடல்வழியாகவே செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தெற்கின் குளிர்நீரும் வடக்கின் சற்று வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் எல்லையைக் கடக்கும்போது, கப்பலின் தளத்தில் நிற்பவருக்குக் காற்றின் குளிர் சில மணி நேரத்துக்குள் மாறுவது தெரியும். ஆல்பட்ராஸ் பறவைகள் இறக்கையை அசைக்காமலே கப்பலைத் தொடர்ந்து வரும். அந்த இரண்டு நாளும் பயணத்தின் பகுதியே.

பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. நவம்பரில் பனி அழுக்குப்படாமல் இருக்கும், பென்குவின்கள் கூடு கட்டும். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து குஞ்சுகள் பொரிக்கும். இரவும் முழுமையாக இருட்டாது. விலையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் திமிங்கிலங்கள் மிகுதி, கடற்பனி விலகியிருப்பதால் கப்பல் இன்னும் தெற்கே செல்ல முடியும். ஆனால் பென்குவின் குடியிருப்புகள் சேறும் எச்சமுமாக, கடுமையாக நாறும்.

மூன்றாம் படி: ஆவணங்களும் விமானங்களும்

1959இல் கையெழுத்தான அண்டார்டிக உடன்படிக்கையின் கீழ் நிர்வகிக்கப்படும் அந்தக் கண்டத்துக்கென்று விசா கிடையாது. தேவையான அனுமதியைக் கப்பல் நிறுவனமே பெற்றுவிடும். நீங்கள் கவனிக்க வேண்டியது அர்ஜென்டினாவின் விசா விதிகளை. கப்பலில் ஏறும்போது அந்த நாட்டை விட்டு வெளியேறி, திரும்பும்போது மீண்டும் நுழைகிறீர்கள் என்பதால் இருமுறை நுழைவுக்கு இடம் உண்டா என்று தூதரகத்திடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். வழியில் விமானம் மாறும் நாடுகளின் விதிகளையும் பார்க்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டில் அவசர வெளியேற்றச் செலவு சேர்ந்திருக்க வேண்டும். கப்பலில் ஒரு மருத்துவர் இருப்பார், அவ்வளவுதான். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் தென் அமெரிக்காவுக்குத்தான் கொண்டுசெல்ல வேண்டும்.

அர்ஜென்டினாவின் தலைநகரான புவனெஸ் ஐரிஸில் இரண்டு விமான நிலையங்கள் உள்ளன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் எசெய்சாவில் இறங்குவார்கள். உசுவாயா செல்லும் விமானங்கள் பலவும் நகருக்குள் இருக்கும் ஏரோபார்க்கேயிலிருந்து கிளம்பும். இரண்டுக்கும் இடையே சாலையில் செல்ல நேரம் ஒதுக்குங்கள். உசுவாயாவுக்குக் கப்பல் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே சேர்ந்துவிடுவது பாதுகாப்பு, ஏனெனில் பெட்டி தொலைந்தாலும் வந்து சேர அவகாசம் இருக்கும்.

நான்காம் படி: உடை

கோடைக்காலத் தீபகற்பத்தில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும்; வாட்டுவது காற்றும் ஈரமும்தான். பருத்தி ஆடை நனைந்தால் உடல் வெப்பத்தை உறிஞ்சிவிடும் என்பதால் அதை அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெரினோ கம்பளியில் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் என்ற மென்மையான செயற்கை இழைச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே நீர் புகாத உடை என மூன்று அடுக்கு போதும். மறக்கக் கூடாதது நீர் புகாத மேற்கால்சட்டை. படகில் அலைநீர் தெறிப்பது மடியில்தான். கேமராவை இயக்க மெல்லிய உள்கையுறையும் அதன்மேல் தடித்த கையுறையும் வேண்டும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணையும் தோலையும் தாக்கும், ஆகவே கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் அவசியம். கூடுதல் பேட்டரிகளை உட்பையில், உடல் சூட்டில் வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: டிரேக் நீரிணைக்கு ஆயத்தம்

கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறைதான் குறைவாக ஆடும். மலிவானதும் பெரும்பாலும் அதுதான். தலைசுற்றலுக்கான மாத்திரையை வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை, அலை பெரிதாகும் முன்பே போட வேண்டும். எந்த மருந்து உங்களுக்கு ஏற்றது என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். கதவு நிலையில் மட்டும் விரல் வைக்காதீர்கள்.

ஆறாம் படி: கரையிறங்கும் நாள்

முதல் இறக்கத்துக்கு முன் உங்கள் வெளியுடைகளைச் சோதிப்பார்கள். வெல்க்ரோவின் இழைகளுக்குள்ளும் பையின் தையல் மடிப்புகளிலும் சிக்கியிருக்கும் புல்விதைகளை தூசி உறிஞ்சும் வேக்யூம் கருவியாலும் ஊசியாலும் எடுக்கச் சொல்வார்கள். ஒரு விதைகூட அங்கே முளைத்துவிடக் கூடாது என்பதற்கான இந்த வேலையை அவசரப்படாமல் செய்யுங்கள். படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் மாலுமியின் உள்ளங்கையைப் பிடிக்காமல் முழங்கைக்குக் கீழே முன்கையைப் பற்ற வேண்டும், அவரும் உங்கள் முன்கையை அப்படியே பற்றுவார். ஈரக் கையுறை வழுக்கினாலும் இந்தப் பிடி விடாது.

கரையில் பென்குவினிடமிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் விலகி நில்லுங்கள். அது உங்களை நோக்கி வந்தால் வழிவிட்டு ஒதுங்குங்கள். பறவைக் காய்ச்சல் அப்பகுதியை எட்டியதிலிருந்து தரையில் உட்காரவோ முழங்காலிடவோ பையை வைக்கவோ அனுமதிப்பதில்லை. உணவுப் பண்டம் எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. ஆழ்பனியில் உங்கள் கால் புதைந்து குழி விழுந்தால், அதைப் பனியால் நிரப்பி மூடிவிட்டே நகர வேண்டும், ஏனெனில் முழங்கால் உயரமே உள்ள பென்குவின் அதில் விழுந்தால் ஏற முடியாமல் தவிக்கும். கப்பலுக்குத் திரும்பியதும் பூட்ஸைத் தூரிகையால் தேய்த்து, கிருமிநாசினித் தொட்டியில் நனைத்த பிறகே உள்ளே செல்லுங்கள்.