நகரப் போரைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகருக்குள் நடக்கும் போரைப் பற்றிப் படிக்க முனைவோரில் பெரும்பாலோர் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தாக்கிய சோவியத் நகரமான ஸ்டாலின்கிராடில்தான் தொடங்குகிறார்கள். அதில் பிழையில்லை, அங்கேயே நின்றுவிடுவதுதான் பிழை. 1942 ஆகஸ்டு முதல் 1943 பிப்ரவரி வரை நீடித்த அந்தப் போரில் வீட்டுக்கு வீடு, மாடிக்கு மாடி சண்டை நடந்தது உண்மை. ஆனால் ஜெர்மனியின் ஆறாம் படையை வீழ்த்தியது அந்தத் தெருச் சண்டை மட்டுமல்ல. நகருக்கு வெளியே, ஜெர்மனியின் கூட்டாளியான ருமேனியாவின் படைகள் காவல் நின்ற பக்கவாட்டுப் பகுதிகளை 1942 நவம்பர் 19 முதல் சோவியத் படைகள் உடைத்துக்கொண்டு வந்து சுற்றி வளைத்த பிறகே அதன் முடிவு உறுதியானது. கடைசியில் சுமார் 91,000 பேர் சிறைப்பட்டனர். நகரைக் காத்து நின்ற சோவியத் தளபதி சூய்க்கோவின் 62-ஆம் படையும் இரவு நேரங்களில் வோல்கா ஆற்றைக் கடந்து வந்த படகுகளை நம்பித்தான் உயிர் பிடித்திருந்தது. தெருவை மட்டும் பார்ப்பவர், அந்தத் தெருவுக்குச் சோறும் குண்டும் வந்து சேர்ந்த வழியைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்.

ஸ்டாலின்கிராடையே எல்லா நகரப் போர்களுக்கும் அளவுகோலாகக் கொள்வதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அன்றைய படைகள் ஒரு நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வரிசை கட்டி நிற்கும் அளவுக்குப் பெரியவை. இன்றோ படைகள் சுருங்கிவிட்டன, நகரங்கள் பெருத்துவிட்டன. அதனால் போர்முனை என்ற நீண்ட கோடு மறைந்து, சில கட்டடங்களையும் சில சந்திப்புகளையும் சுற்றியே சண்டை நாள்கணக்கில், வாரக்கணக்கில் குவிகிறது. பிலிப்பைன்ஸின் மராவி பெரிய நகரமன்று. எதிர்த்து நின்றவர்களும் பெரும் படையல்லர். ஆயினும் 2017 மே 23-இல் தொடங்கிய சண்டை முடிய அக்டோபர் 23 ஆயிற்று.

‘நகருக்குள் டாங்கி உதவாது’ என்பது அடுத்து அடிக்கடி கேட்கும் தவறான முடிவு. இதற்குச் சான்றாகச் செச்சன்யாவின் தலைநகரான குரோஸ்னியைக் காட்டுவார்கள். 1994 டிசம்பர் 31 அன்று ரஷ்யாவின் 131-ஆம் மைக்கோப் படைப்பிரிவு கவச வாகனங்களுடன் அணிவகுத்து அந்நகரின் ரயில் நிலையம் வரை சென்றது. செச்சென் போராளிகள் சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒருவர் ராக்கெட் லாஞ்சருடனும், ஒருவர் இயந்திரத் துப்பாக்கியுடனும், ஒருவர் குறிபார்த்துச் சுடும் துப்பாக்கியுடனும் நிலவறைகளிலும் மேல்மாடிகளிலும் காத்திருந்தனர். டாங்கியின் பீரங்கிக் குழல் ஓரளவுக்கு மேல் உயராது, ஓரளவுக்குக் கீழ் தாழாது; அந்த இரண்டுக்கும் எட்டாத இடங்களிலிருந்தே அடி விழுந்தது. வரிசையின் முதல் வண்டியும் கடைசி வண்டியும் எரிந்தால் நடுவிலிருப்பவை நகர முடியாது. அந்தப் படைப்பிரிவு தன் வாகனங்களில் பெரும்பகுதியை இழந்தது. அதன் தளபதி கர்னல் இவான் சாவினும் கொல்லப்பட்டார். இதை நிதானமாகப் படித்தால், குற்றம் டாங்கியிடம் இல்லை என்பது புரியும். பக்கத்திலிருக்கும் வீடுகளைச் சோதித்துக்கொண்டு கூடவே வரவேண்டிய காலாட்படை இல்லாமல், எதிர்ப்பு இருக்காது என்ற நம்பிக்கையில், அவசர அவசரமாக அனுப்பியதே அழிவுக்குக் காரணம். 1944-இல் ஜெர்மனியின் ஆகென் நகரிலும் 2004-இல் ஈராக்கின் ஃபலூஜாவிலும் காலாட்படையோடு கைகோத்துச் சென்ற டாங்கிகள் மிகுந்த பயன் தந்தன.

குண்டு வீசித் தரைமட்டமாக்கினால் உள்ளே நுழைவது எளிதாகும் என்ற எண்ணமும் இவ்வகைப்பட்டதே. இடிந்த சுவர் நின்ற சுவரைவிட நல்ல மறைவிடம். 1944 மார்ச்சில் இத்தாலியின் கசீனோ நகரை நேச நாடுகள் வானிலிருந்து நொறுக்கியபோது, குவிந்த இடிபாடுகள் அவர்களுடைய டாங்கிகளையே வழிமறித்தன.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, நகரத்தை வெறும் கட்டடங்களின் தொகுப்பாக, ஆளில்லாத சதுரங்கப் பலகையாகப் படிக்கும் பழக்கம். துல்லிய ஆயுதங்கள் வந்தபின் இந்தப் பழக்கம் வலுத்திருக்கிறது. குறி தவறாத குண்டு என்றால் பொதுமக்களுக்குத் தீங்கு வராது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். 2017 மார்ச் 17 அன்று ஈராக்கின் மேற்கு மொசூலில், அல்-ஜதீதா பகுதியில் ஒரு வீட்டின் மேலிருந்து, அந்நகரைப் பிடித்து வைத்திருந்த ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) அமைப்பைச் சேர்ந்த இருவர் ஈராக்கியப் படையினரைக் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தனர். அமெரிக்க விமானம் ஒரே ஒரு குண்டை வீசியது; குண்டு குறி தவறவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் தஞ்சம் புகுந்திருந்தன. குறைந்தது 105 பொதுமக்கள் இறந்ததாக அமெரிக்க இராணுவத்தின் விசாரணையே ஒப்புக்கொண்டது. உள்ளே வைக்கப்பட்டிருந்த வெடிபொருள்களும் சேர்ந்து வெடித்ததால்தான் கட்டடம் சரிந்தது என்று அது விளக்கியது. அப்பகுதி மக்கள் சிலர் அதை மறுத்தனர். எது சரியாயினும், துல்லியம் என்பது குண்டு எங்கே விழும் என்பதற்கான உறுதி மட்டுமே. கூரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

இதனால்தான் ஒரு நகரப் போரை இன்னொன்றோடு ஒப்பிடும் முன், மக்கள் எங்கே இருந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். 2004 நவம்பரில் நடந்த இரண்டாம் ஃபலூஜா போருக்கு முன்பே அந்நகர மக்களில் மிகப் பெரும்பாலோர் வெளியேறியிருந்தனர். மொசூலிலோ, வீடுகளிலேயே இருக்குமாறு மக்களைக் கேட்டுக்கொள்ளும் துண்டறிக்கைகளை ஈராக் அரசு வீசியது. வெளியேற முயன்றவர்களை ஐ.எஸ். சுட்டது. 2023 அக்டோபரில் தொடங்கிய காசா போரில், 365 சதுர கிலோமீட்டருக்குள் வாழ்ந்த இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு எல்லையைத் தாண்டிப் போக வழி இருக்கவில்லை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு இறந்தோர் எண்ணிக்கையை மட்டும் அருகருகே வைத்து வாதிடுவது ஆய்வாகாது. குண்டு படாமலும் மக்கள் சாகிறார்கள்: மின்சாரம் நின்றால் நீரேற்று நிலையம் நிற்கிறது, அது நின்றால் மருத்துவமனைக்குத் தண்ணீர் நிற்கிறது.

மாற்றம் எது, பழமை எது என்பதிலும் கவனம் வேண்டும். வீதியில் இறங்காமல், சுவர்களை உடைத்து வீட்டுக்குள்ளிருந்தே அடுத்த வீட்டுக்குப் போகும் முறையை 2002-இல் பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையிலுள்ள நாப்லஸில் இஸ்ரேலியப் படை கையாண்டபோது அது புதுமையாகப் பேசப்பட்டது. 1943 டிசம்பரில் இத்தாலியின் ஓர்த்தோனா நகரில் கனடியப் படையினர் அதையே செய்தனர். 1944 வார்சா எழுச்சியில் போராளிகள் சாக்கடைக் குழாய்களின் வழியாகவே இடம் மாறினர். மெய்யாகவே புதியது வானத்தில் இருக்கிறது. கடையில் வாங்கக்கூடிய சிறு ட்ரோன்களில் கையெறி குண்டைக் கட்டி ஐ.எஸ். மொசூலில் வீசத் தொடங்கியபின், கூரையோ முற்றமோ சந்தின் வளைவோ மறைவிடம் என்று நம்ப முடியாமற்போயிற்று.

வெற்றி அறிவிக்கப்பட்ட நாளோடு புத்தகத்தை மூடிவிடுவதையும் தவிர்க்க வேண்டும். 1993 அக்டோபர் 3, 4 தேதிகளில் சோமாலியாவின் தலைநகர் மொகதிஷுவில் அமெரிக்கப் படை தேடிச் சென்றவர்களைப் பிடித்துவிட்டது; ஆனால் 18 வீரர்களை இழந்தது, அடுத்த மார்ச்சுக்குள் அந்த நாட்டை விட்டே அமெரிக்கப் படைகள் வெளியேறின. மொசூலில் 2017 ஜூலையில் வெற்றி அறிவிக்கப்பட்டது. பழைய நகரத்தின் இடிபாடுகளுக்குள் வெடிக்காத குண்டுகள் கிடந்ததால், வீடு திரும்பியவர்கள் தங்கள் வாசற்படியைத் தாண்டவே அஞ்சினார்கள். மராவியில் சண்டை ஓய்ந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும், போர் நடந்த மையப் பகுதியைச் சேர்ந்த குடும்பங்கள் பல தற்காலிகக் குடியிருப்புகளிலேயே நாள்களைக் கழித்தன.