பைக் ஆன்டெனா கழன்ற கதை

என் பழைய டூரிங் பைக்கின் ரேடியோ ஆன்டெனாவைக் கழற்ற மூன்று நாள் ஆனது. கவர் போட இடிக்கிறதே என்று திருகினால் அசையவில்லை. துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டேன், பலனில்லை. பிளையர் போட்டதில் தண்டில் கீறல்தான் மிச்சம். மறுநாள் சுற்றியது, சரி, வந்துவிட்டது என்று இரண்டு சுற்று விட்ட பிறகுதான் கவனித்தேன், தண்டு மேலே எழவே இல்லை, அடிப்பகுதியும் கூடவே சுற்றி உள்ளே கேபிளை முறுக்கிக்கொண்டிருந்தது.

டார்ச் அடித்தால் இணைப்பில் வெள்ளைப் பொடி. இரும்புத் துரு செம்பழுப்பாக இருக்கும், இது அலுமினியம் அரித்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மரையும் அலுமினிய அடியும் ஈரத்தில் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான், அந்தப் பொடி மரையை இறுக்கிவிடுகிறது. ஆனால் சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட அதிகம் விரியும். ஸ்பிரே எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு (தீப்பிடிக்கும்), பெயின்ட்டை ஈரத்துணியால் மூடி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் அடிப்பகுதியை மட்டும் சூடாக்கினேன். அதை ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, தண்டை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி திருகினேன். 'டக்' என்றது. அப்புறம் கையாலேயே வந்துவிட்டது.

மரையை பிரஷ்ஷால் தேய்த்து, மரை மறுபடி இறுகிப்போகாமல் இருக்க ஆன்ட்டி சீஸ் பசையை லேசாகத் தடவி மாட்டினேன். ரேடியோவும் பாடுகிறது.